இரண்டாவது கார்டு

குக்கர் இருந்தது. மூடி இருந்தது. ரப்பர் வளையம்கூட ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிட் மட்டும் இல்லை. போன வாரம் கோபித்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிய அம்மா, ஒரு பெட்டி துணியோடு அதையும் எடுத்துப் போய்விட்டாள். ஓடுகிற ஒன்றை நிறுத்த எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்பது, லிஃப்ட் மெக்கானிக்கோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா என்ன?

ஆகவே அன்று காலையும் அவள் கணவர் லிஃப்ட்காரர் காய்ந்த ரொட்டியைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவரை யாரும் வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.

போன வாரம் நடந்தது கட்டடம் முழுக்கத் தெரியும். மகன் சின்னவனைக் கிடங்கு வேலைக்குப் பார்க்க ஒரு மேலாளர் வீடு தேடி வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். சின்னவன் உள்ளறையில் கம்ப்யூட்டரில் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு பெரிய டீமில் சேர்வதற்கான மேட்ச். “ஒரு நிமிஷம்ப்பா” என்றான். மேலாளர் இரண்டாவது காபியைக் குடித்து முடித்தும் அந்த ஒரு நிமிஷம் முடியவில்லை. லிஃப்ட்காரர் எழுந்து போய், மாடிப்படி ஓரத்திலிருந்த மெயின் சுவிட்சை இழுத்து இறக்கிவிட்டார்.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வயரில் சிக்கனம் பார்த்தவர். மேல்மாடியிலிருந்த லிஃப்ட்காரர் வீட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே மெயின். ஆக, சின்னவனின் மேட்ச் செத்தது, ஹாலில் ஃபேன் நின்றது, கீழ்வீட்டுப் பல் டாக்டர் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கினார். எப்போதும் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனிதர். அவர் வாய் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்று கட்டடத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

இருண்ட உள்ளறையிலிருந்து சின்னவன் வெளியே வந்து ஒன்றே ஒன்று சொன்னான். “உங்க கை விளங்காத கைப்பா. அது பட்டா எதுவும் உருப்படாது.”

வாழ்நாள் முழுக்கக் கையை மட்டுமே நம்பிப் பிழைத்தவரிடம் சொன்னான்.

மேலாளர் என்னவோ வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சுவிட்சை இறக்கிய வேகத்தைப் பார்த்து, இந்த அப்பனுக்குப் பிறந்தவன் கட்டுப்பாடாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார். வேலை தூரத்து ஊரில், தங்கலும் அங்கேயே. நாளை காலை வேன் வரும். சின்னவன் வீம்புக்கு “போறேன்” என்று சொல்லிவிட்டான். அம்மா அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினாள். “அவன் இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை? வாயைத் திறந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. அப்புறம் வரேன்.”

அந்த ஒரு வார்த்தை ஒரு வாரமாக அவர் தொண்டையில் நடுமாடியில் நிற்கிறது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

டீம்காரர்கள் மனம் இரங்கி சின்னவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இன்று மத்தியானம். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள்; இந்த அறையிலிருந்தே ஆடலாம். தோற்றால் வேன்.

பேச வராத லிஃப்ட்காரர், பேச்சுக்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார். நேற்று கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

“திரையில படம் திக்குதுன்னு பையன் அவன் அக்காகிட்ட சொல்லிட்டிருந்தான்” என்றார்.

கடைக்காரர் கொட்டாவியை மென்றுகொண்டே சொன்னார். “படத்தை ஓட்டற கிராஃபிக்ஸ் கார்டுக்கு வயசாயிடுச்சு சார். ரெண்டு வழி இருக்கு. இருக்கிறதைக் கழட்டிட்டுப் பெருசா ஒண்ணு போடலாம். இல்லேன்னா, அதே மாடல்ல யாரோ வச்சிருந்தது ஒண்ணு என்கிட்ட கிடக்கு. பக்கத்துல சேர்த்து மாட்டினா ரெண்டும் சேர்ந்து இழுக்கும். என்னைக் கேட்டா ஒண்ணே போதும்.”

“ஏன்?”

“சில கேமுக்குத்தான் ரெண்டு கார்டையும் சேர்த்து ஓட்டத் தெரியும். மத்த கேம் ஒண்ணைத்தான் பார்க்கும். இன்னொண்ணு சும்மா உட்கார்ந்து கரண்ட்டைக் குடிச்சுட்டு சூடாகும். பையன் என்ன கேம் ஆடறார்?”

லிஃப்ட்காரர் கடையின் கூரையைப் பார்த்தார்.

“ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.”

உலகத்தில் அவரால் செய்ய முடியாத ஒரே காரியம் அதுதான். “எல்லாக் கேமும் ஆடுவான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு கயிறு எவ்வளவு தடிமனா இருந்தாலும் ஒரு கயிறுதானே? ஒத்தைக் கயித்துல தொங்கற லிஃப்ட்டுல உங்க குடும்பத்தை ஏத்துவீங்களா?”

“நாங்க எப்பவும் படியிலதான் சார் போவோம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் பழைய கார்டைத் துடைத்துக் கொடுத்தார்.

இன்று விடிந்ததும், சின்னவன் குளிக்கப் போன சமயம் பார்த்து அவர் அதை மாட்டினார். சின்னவன் குளிக்கப் போனால் ஒரு லிஃப்ட்டையே கழற்றிப் பூட்டிவிடலாம். புதிதாக மாட்டிய பாகத்தில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பது அவர் தொழில் வழக்கம். பின்னால் ஏதாவது கோளாறு என்றால் யார் கை பட்டது என்று தெரிய வேண்டும். இந்தக் கார்டின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

குளித்துவிட்டு வந்தவன் மெஷினின் கண்ணாடிப் பக்கத்தின் வழியாக முதலில் பார்த்தது அந்தப் பொட்டைத்தான்.

“அக்கா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “யாரோ என் மெஷினைத் திறந்திருக்காங்க.”

மூத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அன்று லீவு போட்டுவிட்டு ஹாலில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அந்த வீட்டின் தபால்காரி அவள்தான். “அப்பா, யாரோ அவன் மெஷினைத் திறந்திருக்காங்களாம்.”

“அந்த யாரோ நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பார்னு சொல்லு.”

“டேய், நல்லதுக்குத்தானாம்.”

இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலை. அதுவும் பாதி விலகியிருந்தது. உள்ளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, “சரின்னு சொல்லு” என்றான் சின்னவன்.

லிஃப்ட்காரருக்கு அந்தக் காய்ந்த ரொட்டி திடீரென்று ருசித்தது. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

அதை அவர் கடித்து முடிக்கவில்லை. உள்ளே சின்னவன் பழகிப் பார்ப்பதற்காக ஓர் ஆட்டத்தை ஆரம்பித்திருந்தான். மெஷினின் ஃபேன்கள் மெல்லச் சுழன்று, வேகம் பிடித்து, இரைந்தன. இரைச்சலுக்கு அடியில் ஒரு முனகல். ‘டிக்.’ பிறகு ஒன்றுமில்லை.

சின்னவன் மறுபடி போட்டான். இரைச்சல், முனகல், டிக்.

லிஃப்ட்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். அந்த முனகல் அவருக்குப் புதிதல்ல. ஏற்ற வேண்டியதற்கு மேல் ஆள் ஏறிய லிஃப்ட்டில், கூண்டு அசையாமல் மோட்டார் மட்டும் முனகுமே, அதே குரல். அந்தக் குரலைக் கேட்டால் கூட்டத்தைப் பார்த்து அவர் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: கடைசியா ஏறினவர் இறங்கிடுங்க.

கடைசியாக ஏறியது யார் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது ‘டிக்’குக்குப் பிறகு மூத்தவள் அவரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

“என்ன கார்டுப்பா வாங்கி மாட்டினீங்க?”

“அதே மாடல்தான். நல்ல கார்டு.”

“கார்டு நல்ல கார்டுதான். அவன் ஆடற கேம் ஒரு கார்டைத்தான் பார்க்குமாம். ரெண்டையும் தூக்க அந்த மெஷினோட பவர் சப்ளைக்குத் தெம்பு இல்லையாம். சண்டைக் காட்சி வந்தா மயக்கம் போட்டுடுது.”

“கழட்டச் சொல்லு அவனை. இப்பவே.”

“சொல்லாமலா இருப்பேன்? மாட்டேங்கறான்.”

“ஏன்?”

மூத்தவள் வெயிட் இல்லாத குக்கரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அன்னைக்குக் கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன்க்கா, இப்ப இதைக் கழட்டினா அந்த வார்த்தை நிஜம்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரிங்கறான். அவர் வச்சது, இருக்கட்டும்ங்கறான். படத்தோட தரத்தைக் குறைச்சு, மெதுவா ஆடிச் சமாளிக்கறானாம்.”

“சமாளிக்க முடியுமா?”

“முடியாது.”

“பைத்தியக்காரன்” என்றார் லிஃப்ட்காரர்.

“யாரைக் கொண்டிருக்கான்னு பாருங்க” என்றாள் மூத்தவள்.

அவர் திரைச்சீலை வரைக்கும் போனார். உள்ளே போய், ‘தம்பி, தப்பு என்னோடது’ என்று சொன்னால் முடிந்தது. சுலபமான வார்த்தைகள்தான். ஒரு துணிக்கடை லிஃப்ட்டில் ஜென்மப் பகையாளிகள் இருவர் மாட்டிக்கொண்டு, அவர் போய்த் திறப்பதற்குள் அடித்துக்கொண்டு, அழுது, சமாதானமாகி, கூட்டாக ஒரு செருப்புக்கடை வைப்பதாகப் பேசி முடித்து, கடைக்குப் பெயர் என்ன வைக்கலாம் என்று அவரையே கேட்டார்கள். ஊருக்கெல்லாம் வாய்க்கிறது. அவர் திரைச்சீலையின் நுனியைப் பிடித்தபடி நின்றார். அதிலிருந்த ஒரு நூலை இழுத்தார். அது நீளமாக வந்தது. உள்ளே சின்னவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுவிட்டான்.

முதல் ஆட்டம் தொடங்கியது.

அவர் ஹாலில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து காதால் ஆட்டத்தைப் பார்த்தார். ஃபேன் இரைந்தபோதெல்லாம் அவர் கால் கட்டைவிரல் தரையை அழுத்தியது. சின்னவன் தன்கூட ஆடுபவர்களிடம் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. “நான் முன்னாடி போறேன்… இடது பக்கம் பார்த்துக்கோ… இன்னும் ஒருத்தன்தான்.” அந்தக் குரலில் ஒரு பொறுப்பு இருந்தது. தன் வீட்டில் இப்படி ஒருவன் இருக்கிறான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் திரைச்சீலையைத் தள்ளிப் பார்த்ததில்லை.

“இன்னும் ஒருத்தன்தான்” என்று மறுபடி கேட்டது. முனகல். டிக்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கோபமாக எதையாவது எறிந்திருந்தாலும் தேவலை.

“போச்சு” என்று மூத்தவள் வாயசைத்தாள். “அடுத்ததுக்கு முன்னாடி சின்ன இடைவேளை.”

லிஃப்ட்காரர் எழுந்தார். எழுந்தது அவருக்கே தெரியாது. திரைச்சீலையைத் தாண்டிப் போய், மெஷின் பக்கத்தில் மண்டியிட்டு, வயரைப் பிடுங்கி, கையை நீட்டினார்.

“ஸ்க்ரூ டிரைவர்.”

ஒரு வாரத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சின்னவன் கண் சிவந்திருந்தது. எடுத்துக் கொடுத்தான்.

“எதைக் கழட்டப் போறீங்க?”

“கடைசியா ஏறினதை.”

“வேணாம்ப்பா. பழசை எடுங்க. உங்களது இருக்கட்டும்.”

திருகிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் வேலை கெட்டிருக்கும்.

“இது எவன்கிட்ட எப்படி அடி வாங்கிச்சோ, யாருக்குத் தெரியும்? உன்னுது உன் கைக்குப் பழகினது. திக்கித் திக்கியாவது கடைசி வரைக்கும் போகும்” என்றார். “டார்ச் அடி.”

சின்னவன் போனில் டார்ச்சை அடித்தான். சிவப்புப் பொட்டு மின்னியது. கார்டு தோசைக்கல்லாகக் கொதித்தது. அவர் கையை எடுக்கவில்லை. இணைப்புப் பட்டையை நீக்கி, கொக்கியை விலக்கி, நேராக மேலே இழுத்தார். பட்டை சொருகிய இடத்தை ஊதினார். மூடினார். வயரைச் சொருகினார்.

திரை விழித்தது.

“ஓடுதா?”

“ஓடுதுப்பா.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தார். அவன் வாங்கி வைப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்தை லிஃப்ட்காரர் ஹாலில், இன்னும் சூடு ஆறாத கார்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒற்றைக் கார்டு திக்கியது. சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். ஆனால் முனகல் வரவில்லை. கடைசியில் உள்ளே அவன் மேஜையை ஒரு தட்டுத் தட்டினான். மூத்தவள் அப்பாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஆளுக்கு ஒன்று. இனி மூன்றாவதுதான்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கிச் சூடு பிடித்த நேரத்தில் அவருக்கு அந்த முனகல் கேட்டது.

உள்ளறையைப் பார்த்தார். அங்கே மெஷின் ஃபேன் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. முனகல் வாசல் பக்கமிருந்து வந்தது. கட்டடத்தின் லிஃப்ட். பிரேக் இறுகுகிறது என்று அவர் குடியிருப்போர் சங்கத்தாரிடம் நாலு முறை சொல்லி, நாலு முறையும் அவர்கள் தலையாட்டிய லிஃப்ட்.

வெளியே ஓடினார். கூண்டு அவர்கள் மாடிக்கு வந்து சேராமல் சற்றுக் கீழேயே நின்றிருந்தது. இரும்புக் கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி. குனிந்து பார்த்தார். ஒரு பெட்டி. பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் மனைவி.

“நீ எப்படி லிஃப்ட்டுல?” என்றார். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதல்லதான். ஆனால் அவர் மனைவி அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து லிஃப்ட்டில் கால் வைத்ததில்லை.

“பெட்டி கனமா இருந்துது” என்றாள் அவள். “வேன் நாளைக்குக் காலையில வருது. புள்ளையை இன்னைக்கே பார்க்கணும்னு வந்தேன். என்னை வெளிய எடுங்க. மூச்சு முட்டுது.”

மூத்தவள் பின்னால் வந்து நின்றாள். “அப்பா, சீக்கிரம் எடுங்க.”

எடுக்கலாம். மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் கூண்டு மேலே வந்துவிடும். அவருக்குக் காபி குடிக்கிற மாதிரி வேலை. ஆனால் அதற்கு முதலில் மெயினை இறக்க வேண்டும். இறக்காமல் சக்கரத்தில் கை வைத்த ஒருவரை அவருக்குத் தெரியும். இப்போது அந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் இடது கைதான்.

மெயின், மாடிப்படி ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வீட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே மெயின்.

“இறக்குங்கப்பா.”

“முடியாது.”

“அம்மா உள்ள இருக்கா.”

“அவனும் உள்ள இருக்கான்” என்றார் லிஃப்ட்காரர்.

அவர் இடைவெளிக்குப் பக்கத்தில் தரையில் படுத்தார். கன்னம் சிமென்ட்டில் பதிந்தது. “இந்தா, கேளு. கடைசி ஆட்டம் நடக்குது. இதுல ஜெயிச்சா வேன் வராது. இப்ப மெயினை இறக்கினா போன வாரம் மாதிரிதான்.”

கூண்டுக்குள் மூச்சு வாங்கும் சத்தம்.

“எவ்வளவு நேரம்?”

“ஒரு ஆட்டம்.”

“ஒரு நிமிஷம்ங்கறானே, அந்த மாதிரியா?”

“அந்த மாதிரிதான்.”

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். “அவன்கிட்ட பேசினீங்களா?”

“பேசினேன்.”

“என்ன பேசினீங்க?”

“ஸ்க்ரூ டிரைவர்னு சொன்னேன்.”

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று மேலேயிருந்து சொல்ல முடியவில்லை. பிறகு இடைவெளியில் ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் குக்கர் வெயிட்.

“இதைப் பிடிங்க. கை நடுங்குது, கீழ போட்டுடுவேன்.”

அவர் வாங்கிக்கொண்டார். அது வியர்வையில் நனைந்திருந்தது. “பயப்படாதே. ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல…”

“கதை சொல்லாதீங்க. உங்க கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இத்தனை வருஷம் படி ஏறினேன்.”

அப்போது கூண்டு ஒரு விரற்கடை கீழே இறங்கி ‘டக்’ என்று நின்றது.

மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் பிடித்த கூண்டு விழாது. லிஃப்ட்காரர் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், உள்ளே இருந்தது அவர்கள் மனைவிகள் என்பதால் நிதானமாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் எழுந்துவிட்டார். கை மெயின் சுவிட்சின் பிடியில் இருந்தது. இரும்பு பிசுபிசுத்தது. திறந்த கதவு வழியாக உள்ளறையிலிருந்து சின்னவனின் குரல் வந்தது: “இன்னும் ஒருத்தன்தான்.”

“என்னங்க” என்றாள் அவள், கூண்டுக்குள்ளிருந்து, மிகத் தெளிவாக. “அந்த சுவிட்சைத் தொடாதீங்க.”

“நான் தொடலை.”

“எனக்குத் தெரியும் உங்களை. கையை எடுங்க.”

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெயிட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் ஒரு மெஷினின் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஃபேன் நின்றது.

ஆட்டம் முடிந்து அவனே அணைத்தானா, மெஷின் தானே செத்ததா? டிக் கேட்டதா? அவர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சின்னவன் வெறுங்காலோடு வாசலுக்கு வந்தான். கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. அக்காவைப் பார்த்தான், இடைவெளியில் தெரிந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தான், சுவிட்சுக்கும் கதவுக்கும் நடுவில் நின்ற அப்பாவைப் பார்த்தான். இங்கே எவ்வளவு நேரமாக என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

“என்னடா ஆச்சு?” என்றாள் அம்மா, கூண்டுக்குள்ளிருந்து.

“முதல்ல நீ வெளிய வா.”

அவன் மெயின் சுவிட்சின் பிடியைப் பற்றினான். அப்பா பக்கம் திரும்பினான்.

“இதை நான் இறக்கறேன்” என்றான். “மேல போய் நீங்க கை வைங்கப்பா.”